காற்று சுமந்துவந்த மண்ணில் ஒரு கைரேகை

1925ஆம் ஆண்டு ஜூலை 13. செக்கோஸ்லோவாகியாவின் தெற்கு ஓரத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சரிவில் அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. மேலே வெளிர்மஞ்சள் மண். அதற்கும் கீழே, என்றோ எரிந்து அணைந்த ஓர் அடுப்பின் சாம்பல் படுகை. அந்தச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்த தொழிலாளர்களின் கையில் கரிய துண்டு ஒன்று அகப்பட்டது. சற்றுத் தள்ளி இன்னொரு துண்டு. மண்ணைத் துடைத்துவிட்டு இரண்டையும் பொருத்திப் பார்த்தபோது, அது ஒரு பெண்.

உயரம் 11.1 சென்டிமீட்டர், உள்ளங்கையில் படுக்க வைக்கலாம். முகத்தில் மூக்கும் இல்லை, வாயும் இல்லை. கண் இருக்கவேண்டிய இடத்தில் சாய்வாக இரண்டு கீறல்கள். உச்சந்தலையில் நான்கு சிறு துளைகள். தொங்கும் மார்பகங்கள், அகன்ற இடுப்பு, அதைச் சுற்றி ஓடும் பள்ளம், ஆழமாகக் குத்திய தொப்புள். திருப்பிப் பார்த்தால் முதுகின் இருபுறமும் விலா மடிப்புகளைப் போலச் சாய்ந்த கோடுகள். பாதங்கள் இல்லை. ஈர மண்ணைப் பிசைந்து, விரலால் அழுத்தி, கூரிய ஏதோ ஒன்றால் கீறி, நெருப்பில் சுட்டிருக்கிறார்கள். வயது ஏறக்குறைய 30,000 ஆண்டுகள். மனிதர் சுடுமண்ணில் செய்தவற்றில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய உருவங்களுள் இது ஒன்று.

உலகம் அவளை 'வெஸ்டோனிட்சேயின் வீனஸ்' என்று அழைக்கிறது. வீனஸ் ரோமானியரின் காதல் தெய்வம். இந்தப் பாவையைச் செய்தவர்களுக்கும் ரோமுக்கும் இடையே இருபத்தைந்தாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட தொலைவு இருப்பதால், அந்தப் பெயர் அவ்வளவு பொருத்தமானதல்ல. 'வெஸ்டோனிட்சே' என்ற ஊர்ப்பெயர்தான் பொருத்தம். அவள் அந்த ஊரின் மண்.

ஊரின் முழுப்பெயர் டோல்னி வெஸ்டோனிட்சே. டோல்னி என்றால் கீழ். சற்று மேற்கே ஹோர்னி வெஸ்டோனிட்சே இருக்கிறது. ஹோர்னி என்றால் மேல். ஆக, கீழ வெஸ்டோனிட்சே, மேல வெஸ்டோனிட்சே. கீழ ஊரில் இன்று ஏறத்தாழ 300 பேர் வசிக்கிறார்கள். தெருக்களை அரைமணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். செக் குடியரசின் இரண்டாவது பெருநகரமான பிர்னோவிலிருந்து தெற்கே சுமார் 35 கிலோமீட்டர். ஆஸ்திரிய எல்லை கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். நாட்டின் இந்தப் பகுதிக்கு மொராவியா என்று பெயர்.

ஊருக்கு முதுகு கொடுத்து நிற்கிறது பாலவா மலைத்தொடர். மலை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்யவேண்டாம். அதன் உச்சியான டெவீன் 550 மீட்டரைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. ஆனால் சுற்றிலும் தட்டையான சமவெளி என்பதால், பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே வெள்ளைப் பாறை முகங்கள் கண்ணில் படும். அந்த வெண்மை சுண்ணாம்புக்கல்லின் நிறம். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஜுராசிக் காலத்தில், இங்கே வெதுவெதுப்பான கடல் இருந்தது. கடல் உயிர்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிக் கல்லாயின. பிற்காலத்தில் கார்பாத்திய மலைகள் எழும்பியபோது அந்தக் கற்படுகை துண்டுதுண்டாகப் பிய்ந்து, நெடுந்தூரம் தள்ளப்பட்டு, இளம் படிவுகளின் மேல் வந்து உட்கார்ந்தது. அதனால்தான் பாலவா ஒரே தொடராக நீளாமல், சமவெளியில் யாரோ பாறைகளை வரிசையாக நட்டுவைத்ததுபோல் தெரிகிறது.

ஊருக்கு முன்னால் டியே ஆறு. அது மொராவா ஆற்றில் கலக்கிறது, மொராவா டான்யூப்பில் சேர்கிறது, டான்யூப் கருங்கடலுக்குப் போகிறது. இன்று ஊரிலிருந்து பார்த்தால் ஆறு தெரியாது. அந்த இடத்தில் கரை தெரியாத ஏரி ஒன்று விரிந்து கிடக்கிறது. அந்த ஏரியின் கதை பின்னால் வரும்.

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள சரிவில் இருப்பதுதான் இந்த ஊரின் உண்மையான சொத்து. பள்ளிப் புவியியல் பாடத்தில் 'காற்றடி வண்டல்' என்று படித்திருப்போம். செக் மொழியில் அதை ஸ்ப்ராஷ் என்கிறார்கள். கடைசிப் பனியூழியில் ஐரோப்பாவின் வடக்கே பெரும் பனிப்பாளங்கள் கிடந்தன. இந்தப் பகுதி பனிக்கட்டியால் மூடப்படவில்லை. மரங்கள் அருகிய, குளிர்ந்த, வறண்ட புல்வெளியாக இருந்தது. உலர்ந்த ஆற்றுப் படுகைகளிலிருந்து மாவு போன்ற நுண்மண்ணைக் காற்று வாரிச் சென்றது. மலை குறுக்கே நின்ற இடங்களில் வேகம் தணிந்து, சுமந்துவந்ததை இறக்கிவைத்தது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து, பாலவாவின் அடிவாரத்தில் பல மீட்டர் தடிப்புக்கு மஞ்சள் மண் ஏறியது.

இந்த மண்ணுக்கு இரண்டு குணங்கள். ஒன்று, சுண்ணாம்புச் சத்து நிறைந்தது. அமில மண் எலும்பைத் தின்றுவிடும், இது காப்பாற்றும். இரண்டாவது, மெதுவாக, மென்மையாகப் படிவது. வெள்ளம் வந்தால் பொருள்களைப் புரட்டி இழுத்துச் செல்லும். காற்றடி வண்டல் கிடந்ததைக் கிடந்தபடியே போர்த்திவிடும். அடுப்பு அடுப்பாகவும், சாம்பல் சாம்பலாகவும், புதைத்த உடல் புதைத்த கோலத்திலும் இருக்கும். ஊருக்கு அருகே பழைய செங்கற்சூளைக்காக மண் வெட்டிய இடத்தில் உயரமான மண்சுவர் ஒன்று நிற்கிறது. குளிர்ந்த காலகட்டங்களின் வெளிர் மண்ணும் வெப்பமான காலகட்டங்களின் கரும்பழுப்பு மண்ணும் பட்டைபட்டையாக அதில் தெரிகின்றன. 1,00,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தட்பவெப்ப வரலாறு அந்தச் சுவரில் இருக்கிறது. அதற்கு வைத்த பெயர் 'யுகங்களின் நாட்காட்டி'. பெயர் வைத்தவரைப் பாராட்டத் தோன்றுகிறது.

மம்மத் யானைகளை வேட்டையாடிய கூட்டம் இந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் புவியியலே. மேற்கே போஹீமிய மேட்டுநிலம், கிழக்கே கார்பாத்தியம். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியாகத்தான் டான்யூப் சமவெளியிலிருந்து வடக்கே போலந்துச் சமவெளிக்குப் போக முடியும். பருவம் மாறும்போது விலங்குக் கூட்டங்கள் நடந்த பாதையும் அதுவே. சரிவில் நின்றால் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குக் கீழே விரியும். எந்த மந்தை எங்கே நகர்கிறது என்று கூடாரத்து வாசலிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். மலையடி ஊற்றுகளில் தண்ணீர் கிடைக்கும். பெரிய ஓடைப் பள்ளம் ஒன்றில் மம்மத் எலும்புகள் குவியல் குவியலாகக் கிடந்தன. கூடாரத்துக்கு முட்டுக்கொடுக்கவும், கருவி செய்யவும் எலும்பு பயன்பட்டது. விறகு அரிதான புல்வெளியில் அது எரிபொருளாகவும் ஆனது. அவர்கள் பயன்படுத்திய தீக்கல்லில் பெரும்பங்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கிலிருந்து வந்திருக்கிறது. அங்கே போய் எடுத்துவந்தார்களோ, கைமாறி வந்ததோ, வழி அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கே முறையான அகழாய்வு 1924இல் தொடங்கியது. நடத்தியவர் பிர்னோவின் மொராவிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த காரெல் அப்ஸோலோன். குகை ஆராய்ச்சியில் ஏற்கெனவே பெயர் பெற்றவர். அவருடைய தாத்தா யிண்ட்ரிஹ் வான்கெல் மொராவியத் தொல்லியலின் முன்னோடி. அப்ஸோலோனுக்குப் பொருளைக் கண்டெடுக்கவும் தெரியும், கண்டெடுத்ததை ஊரறியச் சொல்லவும் தெரியும். லண்டனின் படப் பத்திரிகைகள் வரை செய்தியைக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே பாவை கிடைத்தது. 1938 வரை தோண்டினார். சிங்கம், கரடி, காண்டாமிருகம், மம்மத் என்று சின்னஞ்சிறு மிருக உருவங்களும் உடைந்த தலைகளும் கால்களும் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. 55 வெட்டுக்கோடுகள் கொண்ட ஓநாய் எலும்பு ஒன்றும் கிடைத்தது. அது எண்ணிக்கைக் கணக்கா, வெறும் அலங்காரமா என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள்.

பாவை எதனால் ஆனது என்பதிலும் ஆரம்பத்தில் குழப்பம் இருந்தது. எலும்புத் தூளும் மண்ணும் கலந்த கலவை என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். பிற்கால ஆய்வு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. எங்கிருந்தும் கொண்டுவராத, எதையும் சேர்க்காத, காலடியில் கிடந்த அதே காற்றடி வண்டல்தான். தண்ணீர் விட்டுப் பிசைந்து, 500 முதல் 800 டிகிரி வெப்பத்தில் சுட்டிருக்கிறார்கள்.

எங்கே சுட்டார்கள் என்பதற்கும் விடை கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அகழாய்வைத் தொடர்ந்த போஹுஸ்லாவ் கிளீமா, 1951இல் சரிவின் மேற்பகுதியில், மற்ற குடில்களிலிருந்து விலகி நின்ற ஒரு குடிலின் தரையைக் கண்டார். நடுவே மண்ணால் அரைவட்டமாகச் சுவர் எழுப்பிய உலை. உலையைச் சுற்றி 2,000க்கும் மேற்பட்ட சுட்ட மண்துண்டுகள். பெரும்பாலானவை உடைந்தவை. முழு உருவம் கிடைப்பது அபூர்வம்.

ஏன் இத்தனை உடைசல்? கைப்பழக்கம் போதாதவர்களின் வேலை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் 1980களின் இறுதியில் பமேலா வாண்டிவர், ஓல்கா சோஃபர், கிளீமா, யிர்ஷி ஸ்வோபொடா ஆகியோர் உடைந்த முகங்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். இந்த மண் இயல்பாகவே சூட்டைத் தாங்கும் மண். ஒழுங்காகக் காயவைத்துச் சுட்டால் எளிதில் வெடிக்காது. வெடிக்கவேண்டுமென்றால் ஈரம் காயாமல் கொதிக்கும் நெருப்பில் போடவேண்டும். துண்டுகளில் தெரிந்த விரிசல் அப்படிப்பட்ட விரிசல். ஆக, உருவத்தை ஈரத்தோடு தீயிலிட்டு, 'டப்' என்று வெடிக்கவைப்பதே நோக்கமாக இருந்திருக்கலாம் என்றார்கள். எல்லா ஆய்வாளரும் இதை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லமுடியாது. ஆனாலும், இரவில் உலையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள், மண் கரடியோ மண் சிங்கமோ நெருப்பில் சீறிச் சிதறுவதைப் பார்த்த காட்சியை ஒருமுறை மனத்தில் வைத்துவிட்டால் அது எளிதில் அகலாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். மண்ணைச் சுடக் கற்றவர்கள் முதலில் செய்தது பானையை அல்ல. மிகப் பழைய மண்பாண்டங்கள் சீனாவின் ஷியன்ரென்டொங் குகையில் கிடைத்தவை. அவை ஏறத்தாழ 20,000 ஆண்டுப் பழமையானவை. பாலவா அடிவாரத்தில் அதற்கும் 10,000 ஆண்டுகள் முன்பே உலை எரிந்திருக்கிறது. அந்த உலையிலிருந்து வந்தவை உருவங்கள்தாம். சோறும் நீரும் வைக்கும் தேவைக்கு முன்பே, விலங்கையும் மனிதரையும் மண்ணில் பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

2004இல் பாவையை ஊடுகதிர் அடுக்குப்படக் கருவியில் வைத்து ஆராய்ந்தார்கள். அவள் முதுகுப்பக்கத்தில் ஒரு விரல்ரேகை பதிந்திருந்தது. மண் ஈரமாக இருந்தபோது பட்டு, நெருப்பில் நிலைத்துப்போன ரேகை. வரிகளின் இடைவெளியை அளந்து, அது 7 முதல் 15 வயதுக்குள் இருந்த ஒரு பிள்ளையின் விரல் என்று கணித்தார்கள். அந்தப் பிள்ளைதான் பாவையைச் செய்தது என்று சொல்ல ஆதாரம் போதாது. காயாத மண்ணைத் தொட்டுப் பார்க்காத பிள்ளை எந்தக் காலத்தில் இருந்திருக்கிறது? தொட்டிருக்கிறது. அவ்வளவுதான் நமக்குத் தெரியும். அதுவே போதுமானதாகவும் இருக்கிறது.

மண்துண்டுகளில் வேறொரு பதிவும் இருந்தது. 1990களில் ஓல்கா சோஃபரும் ஜேம்ஸ் அடோவாசியோவும் சில துண்டுகளின் மேற்பரப்பில் வரிவரியான தடங்களைக் கவனித்தார்கள். முறுக்கிய நார், பின்னல், முடிச்சு. நாரோ துணியோ என்றைக்கோ மக்கிப்போயிற்று. ஈர மண்ணில் அது அழுத்திய அச்சு மட்டும் மிஞ்சியது. பனியூழி மனிதர் என்றால் தோலாடையும் ஈட்டியுமாகக் கற்பனை செய்யும் பழக்கத்தை இந்த அச்சுகள் கொஞ்சம் அசைத்தன. நார் திரித்தவர்கள், வலை பின்னியவர்கள், கூடை முடைந்தவர்கள் அந்தக் கூடாரங்களில் இருந்தார்கள். முயலையும் நரியையும் பிடிக்க வலை போதும். அதற்குப் பெண்களும் பிள்ளைகளும் போயிருக்கலாம்.

1949இல் கிளீமா ஒரு பெண்ணின் புதைகுழியைக் கண்டார். வயது நாற்பது சுமார். அந்தக் காலத்துக்கு அது முதிய வயது. முழங்காலை மடக்கிக் கிடத்தி, உடலில் செங்காவி தூவி, மேலே மம்மத்தின் இரண்டு தோள்பட்டை எலும்புகளைக் கூரைபோல் மூடியிருந்தார்கள். பக்கத்தில் துருவ நரியின் எலும்புகள். மண்டையோட்டை ஆராய்ந்தபோது முகத்தின் இடப்பக்கம் கோணிப்போயிருந்தது தெரிந்தது. தாடை மூட்டில் பட்ட பழைய காயம் காரணமாக இருக்கலாம். இதே இடத்தில் கிடைத்த தந்தச் சிற்பம் ஒன்றில், பெருவிரல் அளவே உள்ள ஒரு முகத்தில், வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சிற்பம் இந்தப் பெண்ணின் முகம்தானா என்று கேட்டவர்கள் பலர். உறுதியாகச் சொல்லமுடியாது. ஆனால் முகம் கோணிய ஒருத்தியை அந்தக் கூட்டம் கைவிடவில்லை. பல்லாண்டு வாழவைத்தது, இறந்தபின் மரியாதையோடு அனுப்பிவைத்தது. எலும்புகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன.

வேட்டைக் கூட்டம் போய்விட்டது. பனி விலகியது, மம்மத் மறைந்தது, காடு வந்தது. அதற்குப் பின் இந்த மண்ணில் வந்தவர்களும் போனவர்களும் பலர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் மார்க்கமன்னி என்ற ஜெர்மானியக் குடிகளோடு போர் புரிந்தபோது, டியே ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள முஷோவ் குன்றில் ரோமப் படை பாளையமிட்டது. பத்தாம் லீஜியன் படையணியின் முத்திரை குத்திய செங்கற்கள் அங்கே கிடைத்தன. 1988இல் அதே முஷோவில் ஜெர்மானியத் தலைவன் ஒருவனின் கல்லறை வெளிப்பட்டது. அதிலிருந்த வெண்கலக் கொப்பரையின் கைப்பிடிகளில் நான்கு தாடிக்காரத் தலைகள். தலைமுடியைப் பக்கவாட்டில் கொண்டையாக முடிந்த தலைகள். ரோமானியக் கைவினையில் அவர்களின் எதிரிகளுடைய முகம்.

9ஆம் நூற்றாண்டில் ஸ்லாவியரின் பெருமொராவிய அரசு. ஊருக்கு அருகே அக்காலக் கோட்டையும் இடுகாடும் இருந்தன. பிறகு ஜெர்மன் மொழி பேசும் குடியானவர்கள் வந்து திராட்சை வளர்த்தார்கள். ஊருக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் உன்டர்விஸ்டெர்னிட்ஸ். அதிலும் 'கீழ்' இருக்கிறது. மேலே டெவீன் சரிவில் 'கன்னியர் கோட்டை' என்ற பொருள்படும் டெவிச்கி கோட்டை. முப்பதாண்டுப் போரின் முடிவில், 1640களில், ஸ்வீடன் படை அதைப் பிடித்து எரித்தது. அன்றுமுதல் அது பாழடைந்த சுவர்களாக நிற்கிறது.

இந்த ஊருக்குப் பெரிய முறிவு வந்தது 20ஆம் நூற்றாண்டில். அப்ஸோலோன் தோண்டிக்கொண்டிருந்த காலத்தில் நாடு செக்கோஸ்லோவாகியா. ஊரில் பெரும்பாலோர் பேசியது ஜெர்மன். 1938 இலையுதிர் காலத்தில் மியூனிக் ஒப்பந்தப்படி இந்தப் பகுதி ஹிட்லரின் ஜெர்மனிக்குப் போனது. அகழாய்வுக் களமும் கைமாறியது. 1939 முதல் 1942 வரை நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பின் ஆராய்ச்சிக் கிளையான ஆனெனெர்பே, ஆஸியன் போமர்ஸ் என்ற டச்சுக்காரரை வைத்துத் தோண்டியது. நாஜிகளின் இனப்பெருமைக் கதைக்குப் பனியூழி மூதாதைகளிடம் சான்று தேடினார்கள். மண் அப்படி எதையும் கொடுக்கவில்லை.

போரின் கடைசி நாள்கள் இன்னும் கொடியவை. பாதுகாப்புக்காக அகழாய்வுச் சேகரிப்பின் பெரும்பகுதியைப் பக்கத்து நகரான மிகுலோவின் கோட்டையில் வைத்திருந்தார்கள். 1945 ஏப்ரலில் கோட்டை தீப்பற்றியது. முப்பதாயிரம் ஆண்டுகள் மண் காத்துக்கொடுத்ததில் பெரும்பங்கு ஓரிரு நாளில் எரிந்துபோனது. மொராவியாவின் இன்னொரு வேட்டைக் குடியிருப்பான பிரெட்மோஸ்டியில் கிடைத்த மனித எலும்புக்கூடுகளும் அதே தீயில் அழிந்தன. அவற்றின் புகைப்படங்களும் அளவுக் குறிப்புகளும் அச்சுவார்ப்புகளும்தான் இன்று மிச்சம். பாவை தப்பினாள்.

தீ அணைந்தபின் ஊரே காலியானது. 1945-46இல் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து ஏறத்தாழ 30 லட்சம் ஜெர்மன்மொழியினர் வெளியேற்றப்பட்டார்கள். உன்டர்விஸ்டெர்னிட்ஸ்காரர்களும் அவர்களில் அடக்கம். பல தலைமுறையாகத் திராட்சைக் கொடியை வெட்டிக் கட்டியவர்கள், கையில் தூக்கமுடிந்ததைத் தூக்கிக்கொண்டு எல்லையைக் கடந்தார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளுக்கும் மதுப் பாதாள அறைகளுக்கும் மொராவியாவின் மற்றப் பகுதிகளிலிருந்து புதியவர்கள் வந்தார்கள். ஆக்கிரமிப்பின் கொடுமையை அனுபவித்த ஒரு நாட்டின் கோபம் புரியக்கூடியது. ஆனாலும் குழந்தையும் கிழவியும் சேர்த்தே தண்டிக்கப்பட்டது கொடுமைதான். இன்று ஊரில் தாத்தா காலத்துக் கதை கேட்டால் பல வீடுகளில் அது 1945க்கு இந்தப் பக்கம்தான் தொடங்கும்.

இனி அந்த ஏரி. டியே ஆறு ஆண்டுதோறும் கரைபுரளும். வெள்ளம் நின்ற புல்வெளிகளும் ஓக் மரக் காடுகளும் கிலோமீட்டர் கணக்கில் பரந்திருந்தன. 1970களின் நடுவில் அரசு வெள்ளத்தடுப்புக்கும் பாசனத்துக்குமாக நோவே மிலீனி அணைகளைக் கட்டத் தொடங்கியது. ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று நீர்த்தேக்கங்கள். 1980களின் இறுதியில் வேலை முடிந்தபோது 30 சதுர கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் நின்றது. காடு வெட்டப்பட்டது. ரோமானியர் பாளையமிட்ட முஷோவ் கிராமத்தின் வீடுகள் இடிக்கப்பட்டு, மக்கள் வேறிடத்துக்குப் போனார்கள். தேவாலயம் மட்டும் விடப்பட்டது. புனித லின்ஹார்ட்டின் பெயர்கொண்ட அந்தப் பழைய கோயில் இன்று நடு நீர்த்தேக்கத்தில் சிறு தீவின் மேல் தனியாக நிற்கிறது. பிர்னோ - மிகுலோவ் சாலையில் போகும் எவரும் அதைப் பார்க்கத் தவறமுடியாது. திருமணமும் ஞானஸ்நானமும் நடந்த இடத்தைச் சுற்றிக் கடற்பறவைகள் முட்டையிடுகின்றன.

அணைக்கு மண் வேண்டும். பக்கத்திலேயே மலையளவு மண் இருந்தது. எந்திரங்கள் டோல்னி வெஸ்டோனிட்சேயின் சரிவை வெட்டத் தொடங்கின. பின்னால் எந்திரம், அதற்கு முன்னால் ஓடவேண்டிய கட்டாயத்தில் தொல்லியலாளர்கள்; அவர்களோடு முதிய கிளீமாவும். 1986 ஆகஸ்டில் அங்கே அவர் கண்டது, பனியூழி ஆராய்ச்சியில் அதுவரை எவரும் பார்த்திராத ஒன்று.

ஒரே குழியில் மூவர். மூவரும் இளையவர்கள். நடுவில் இருப்பவர் மல்லாந்து கிடக்கிறார். அவருடைய கால் எலும்பும் முதுகெலும்பும் பிறவியிலேயே கோணல், நொண்டித்தான் நடந்திருக்கவேண்டும். ஒருபக்கத்தில் இருப்பவர் திரும்பிப் படுத்து, தன் இரு கைகளையும் நடுவில் இருப்பவரின் இடுப்பில் வைத்திருக்கிறார். மறுபக்கத்தில் இருப்பவர் குப்புறக் கிடக்கிறார். அவருடைய கை நடுவில் இருப்பவரின் கையோடு கோத்தபடி. தலைகளிலும், நடுவில் இருப்பவரின் இடுப்பிலும் செங்காவி. தலையைச் சுற்றி நரிப்பல்லும் தந்த மணியும் கோத்த அணிகள். மேலே எரிந்த மரத்துண்டுகள்.

நடுவில் இருப்பது பெண் என்றே நெடுங்காலம் கருதினார்கள். பேறுகாலத்தில் இறந்த தாய், அருகே கணவன், மறுபக்கம் மருத்துவன் என்று ஒரு கதை கிளம்பியது. முக்கோணக் காதல் என்று இன்னொன்று. எலும்பு நோயால் இடுப்பு உருக்குலைந்திருந்ததால் பாலினம் கண்டறிவது கடினமாக இருந்தது. 2016இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு கதைகளை ஓரங்கட்டியது. மூவரும் ஆண்கள். பேறுகாலக் கதை கலைந்தது. கைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஏன் மூவரும் ஒரே சமயத்தில் இறந்தார்கள், அந்தக் கை ஏன் அங்கே வைக்கப்பட்டது என்பதற்கு இன்னும் பதில் இல்லை. அதே ஆண்டு ஐரோப்பாவின் பனியூழி மனிதர்களின் மரபணுக்களை ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று, அக்காலத்தில் ஐரோப்பாவில் பரவலாக வாழ்ந்த ஒரு மக்கள்தொகுதிக்கு இந்த ஊரின் பெயரையே வைத்தது: வெஸ்டோனிட்சே தொகுதி. 300 பேர் ஊருக்கு இது பெரிய பெயர்தான்.

அந்த மண்வெட்டு இல்லாவிட்டால் மூவரையும் நாம் பார்த்திருக்க மாட்டோம். அந்த மண்வெட்டால் எத்தனை அடுப்புகள் அணைக்கரைக்குள் போய்ச் சேர்ந்தன என்பதையும் அறியமாட்டோம். நீர்த்தேக்கங்கள் வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் செக் நாட்டில் இன்றும் ஓயவில்லை. 1990களில் இயற்கை ஆர்வலர்களின் வற்புறுத்தலால் நடு நீர்த்தேக்கத்தின் மட்டத்தைக் குறைத்தார்கள். மூழ்கிய மேடுகள் தீவுகளாகத் தலைகாட்டின, புல் முளைத்தது, பறவைகள் திரும்பின. பழைய வெள்ளக்காடு மட்டும் திரும்பவில்லை.

இன்று ஊரின் பிழைப்பு திராட்சையும் சுற்றுலாவும். சுண்ணாம்புக்கல்லும் காற்றடி வண்டலும் கொடிக்கு ஏற்றவை. தெற்குச் சூரியன் மொராவியாவின் மற்ற இடங்களைவிட இங்கே கூடுதல். 1953இல் யோசெஃப் வெவெர்கா என்ற கொடி வளர்ப்பாளர் இரண்டு வெள்ளைத் திராட்சை வகைகளைக் கலந்து நறுமணம் மிக்க புது வகை ஒன்றை உருவாக்கினார். மலையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். செக் நாட்டுக் கடைகளில் 'பாலவா' என்றால் இன்று மலையைவிட மது முதலில் நினைவுக்கு வருவோர் உண்டு. வசந்தத்தில் மலைச்சரிவில் குள்ள ஐரிஸ் பூக்கள் ஊதாவும் மஞ்சளுமாகத் தரையோடு தரையாகப் பூக்கும். அந்தப் புல்வெளி பனியூழிப் புல்வெளியின் எச்சம். 1986இல் யுனெஸ்கோ பாலவாவை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

பக்கத்து ஊரான பாவ்லோவில் 2016இல் ஒரு தொல்லியல் அருங்காட்சியகம் திறந்தார்கள். கட்டடத்தின் பெரும்பகுதி மண்ணுக்குள். வெளியே தெரிவது பாலவாவின் சுண்ணாம்புப் பாறைபோல் சாய்ந்து நிற்கும் சில வெண்ணிறக் கோபுரங்கள் மட்டும். உள்ளே இறங்கினால் மம்மத் எலும்புக் குவியல் ஒன்று, கண்டெடுத்த அதே இடத்தில், அதே கிடப்பில் கிடக்கிறது. பாவை இங்கே இல்லை. அவள் பிர்னோவில், மொராவிய அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருக்கிறாள். மூல உருவத்தை எப்போதாவதுதான் மக்கள் பார்வைக்கு எடுப்பார்கள். ஊருக்கு நகல்.

அவள் கிடைத்த இடத்துக்கு ஊரிலிருந்து நடந்தே போகலாம். திராட்சை வரிசைகளுக்கு நடுவே ஒரு நினைவுக்கல். மேலே கன்னியர் கோட்டையின் பாழ்ச்சுவர், கீழே ஏரி. அகழாய்வாளர்கள் இந்தச் சரிவு முழுவதையும் தோண்டிவிடவில்லை. தோண்டாத பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் பழம் பறிப்பவர்கள் கூடையோடு வரிசையில் நகர்வார்கள். அவர்கள் நிற்கும் மஞ்சள் மண்ணுக்கு அடியில், யாரும் இன்னும் திறக்காத சாம்பல் படுகைகள் இருக்கின்றன.